இருபத்திரண்டாம் கதவு

தொடக்கூடாது. கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத் திரையில் அந்த வெள்ளைக் கட்டம் சிமிட்டுகிறது, எனக்கென்ன போச்சு என்று. சிமிட்டுகிறவரைக்கும் உயிர் இருக்கிறது. இந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் நான் இப்போது எங்கள் காலேஜ் சர்வருக்குள் இருக்கிறேன், அது மும்பையில் இருக்கிறதோ சிங்கப்பூரில் இருக்கிறதோ, வாடகைக்கு எடுத்த மெஷின், கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்து அதற்குள் போகப் பார்த்தேன். பேர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை, சும்மா நின்றது, நின்று நின்று, நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரியைத் துப்பிவிட்டு விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. அப்படியென்றால் கதவு சாத்தியாகிவிட்டது. சாத்தும்போது உள்ளே இருந்ததால் நான் உள்ளே இருக்கிறேன், அவ்வளவுதான். இதை மூடினால் நானும் வெளியே. சாத்தியது யார், நான்தான். ஆனால் கேட்டது, அதைச் சொல்லியாக வேண்டும், அந்த மெஷின் ஒழுங்காகத்தான் கேட்டது, இதைச் செய்தால் இப்போதிருக்கும் தொடர்பு கெட்டுப்போகலாம், செய்யட்டுமா, சம்மதம் என்றால் ஒய் என்று தட்டு என்றது. நான் ஒய் தட்டினேன். எதைக் கேட்டாலும் ஒய் தட்டித்தான் பழக்கம். டிப்ளமோ போதும்தானே என்று அப்பா கேட்டார், ஒய். மாப்பிள்ளை வீட்டில் வேலைக்கு அனுப்புவார்கள் ஆனால் சமையலும் நீதான் என்றார்கள், ஒய். சனிக்கிழமையும் வந்துரும்மா என்று தனுஷ்கோடி சார் சொல்கிறார், அவர் கேட்கக்கூட இல்லை, அதற்கும் ஒய். இந்தச் சனிக்கிழமை மத்தியானம் கோவில்பட்டி மொத்தமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது நான் மட்டும் இந்த லேபில் ஏசி பாசிவாடையில் உட்கார்ந்து யூடியூப் வீடியோ பார்த்து ஃபயர்வால் போடப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீடியோக்காரன் கையில் கிடைத்தால் அறைவேன். ரொம்ப சிம்பிள் மக்களே, என்கிறான். சர்வருக்கு நிறையக் கதவு இருக்கு மக்களே, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், வேண்டிய கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாத்துவதுதான் ஃபயர்வால். எண்பதைத் திற என்றான், திறந்தேன், அது வெப்சைட் வருகிற வழி. நானூற்று நாற்பத்து மூன்றைத் திற என்றான், அதுவும் வெப்சைட்டுக்குத்தான், திறந்தேன். இப்போ ஃபயர்வாலை ஆன் பண்ணுங்க என்றான், பண்ணினேன். வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பண்ணினேன், ஏனென்றால் அவன் வேகத்துக்கு எனக்குத் தட்ட வராது. பண்ணி முடித்துவிட்டு வீடியோவை ஓடவிட்டால், ஒரு சின்ன விஷயம் சொல்ல மறந்துட்டேன் மக்களே என்று சிரிக்கிறான், ஆன் பண்றதுக்கு முன்னாடி இருபத்திரண்டாம் நம்பர் கதவைத் திறந்து வைக்கணும், அதுவழியாத்தான் நாமளே உள்ள போறோம், இல்லைன்னா நம்ம வீட்டுல நம்மளே நுழைய முடியாது, ஹா ஹா. சின்ன விஷயம். பல்லைப் பார். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிட்டுச் சிரிக்கிறவர்களாகத்தான் இந்த உலகத்தில் எல்லாருமே எனக்கு வாத்தியாராக வாய்க்கிறார்கள்.

மொபைலில் காலேஜ் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். நன்றாக ஓடுகிறது, பிள்ளைகள் இன்டர்னல் மார்க் பார்க்கும் பக்கம் வருகிறது, பிரின்சிபால் கைகட்டி நிற்கும் படம் வருகிறது. பார்க்க வருகிறவனுக்கு ஒரு குறையும் இல்லை. பராமரிக்கிறவர்கள் போகிற வாசல் மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும், இருபத்திரண்டைத் திற என்று. அதை அடித்தும் வைத்துவிட்டேன், திரையில் இருக்கிறது, என்டர் மட்டும் தட்டவில்லை. பயமாக இருக்கிறது. ஏற்கெனவே சரி என்று நினைத்துத் தட்டியதுதானே இப்படி ஆனது. எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்கிறேன். சர்வருக்குப் புரியும் இந்த லினக்ஸ் பாஷைக்கு ஈவு இரக்கம் கிடையாது, ஒரு இடைவெளி கூடினால் முகத்தில் அடிக்கும், சரியாகச் செய்தாலோ பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய் நிற்கும். முதல் வாரம் இது வேலை செய்ததா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி தட்டுவேன். பிறகுதான் புரிந்தது, திட்டவில்லை என்றால் சரி என்று அர்த்தம். அது புரிந்த அன்றைக்குக் கொஞ்சம் கலங்கிப்போனேன், ஏனென்றால் அந்த ஒழுங்கு எனக்கு முன்னமே தெரியும், வீட்டிலும் அதுதான், இங்கேயும் தனுஷ்கோடி சாரிடம் அதுதான். அவர் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். லேபைப் பெருக்குவதிலிருந்து பரீட்சைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் ஓடவைப்பது வரைக்கும் நான் செய்தேன், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. ஒரு மவுஸ் தொலைந்த அன்றைக்கு மட்டும் என் பேர் வராண்டா முழுக்கக் கேட்டது.

விளக்கு அணைந்துவிட்டது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கரண்ட் போச்சு, சனிக்கிழமை எங்கேயாவது கம்பியை உரசும் மரத்தை வெட்டுவார்கள். யூபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது, கீ, கொஞ்சம் பொறுத்து கீ. என் மெஷினும் மூலையில் இருக்கும் இன்டர்நெட் ரவுட்டரும் அதில்தான் நிற்கின்றன. பேட்டரி தேய்ந்து வருஷமாகிறது, கால்மணி நேரம் தாங்கினால் பெரிது, மாற்றச் சொல்லி வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம்மா என்பார் சார், அவர் அறை ஏசிக்கு மட்டும் பட்ஜெட் எங்கிருந்தோ வரும். தட்டிவிடு செண்பகவல்லி, என்டரைத் தட்டிவிடு. இது போய்விட்டால் உன் வேலையும் போகும். லேப் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சர்வர் பார்க்கத் தெரிஞ்சா நீ இருக்கலாம்மா என்று சார் போன மாதம் சொன்னார், சொல்லிவிட்டு, கத்துக்கோ, ஆனா எதையும் தொட்டுராத என்றார். அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினேனே, என்னைச் சொல்ல வேண்டும். தொடாமல் எப்படிக் கற்றுக்கொள்வது, நீச்சல் படம் பார்த்துக் கிணற்றில் இறங்கச் சொல்கிற புத்திதானே அது. இதே சர்வரை முன்னால் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டோவிடம் தொடாதே என்று யாராவது சொன்னார்களா? அவன் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று கேபிள் எந்த அலமாரியில் இருக்கிறது, பாத்ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது நான். ஒரு வருஷத்தில் அவன் சர்வர் ஆள், நான் கேபிள் ஆள். இப்போது அவன் பெங்களூருவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், இருந்தாலும் சாருக்கு ஏதாவது என்றால் அங்கிருந்தே உள்ளே வந்து செய்துகொடுத்துவிட்டுப் போவான். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால் காட்டுகிற ஒரு கட்டளை இருக்கிறது. படித்த புதிதில் அதைத் தட்டிக்கொண்டே இருப்பேன், என் பேரை அங்கே பார்க்க ஆசை. என் பேருக்குக் கீழேயே சில சமயம் அவன் பேரும் நிற்கும். எப்போது வந்தான் என்று தெரியாது, நான் தப்புத் தப்பாகத் தட்டியதை எல்லாம் பார்த்தானா என்று தெரியாது, உடம்பு கூசும். சாரும் வீட்டிலிருந்து வருவார், வந்து ஒன்றும் செய்யமாட்டார், இருப்பார்.

போன் அடிக்கிறது. ஆன்டோ. எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவான், எடுத்தால் குரல் காட்டிக்கொடுக்கும். எடுத்தேன். “அக்கா, லேப்லயா இருக்கீங்க? சர்வருக்குள்ள போகவே மாட்டேங்குக்கா, சும்மா நிக்கி. அங்க உங்களுக்கு வருதா?” என்றான். திரையைப் பார்த்துக்கொண்டே, “இங்க கரண்ட் இல்லப்பா, வந்ததும் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. யூபிஎஸ் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கும். “என்ன வேலை இன்னிக்கு, லீவுல?” என்று கேட்டேன், சும்மா பேச்சை மாற்றத்தான் கேட்டேன். “ஒண்ணுமில்லக்கா, புது ஆளுக்கு ஒரு லாகின் போடச் சொன்னாரு சாரு. ஒண்ணாந்தேதி சேர்றாராம்ல, சாரோட மச்சினன் மகன், சர்வர் பாக்கறதுக்கு. உங்ககிட்ட சொல்லலையா?” என்றான். போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். “அக்கா?” என்றான். “சொன்னாரு, சொன்னாரு” என்றேன். “அப்படியே உங்க லாகினை சும்மா பாக்கறதுக்கு மட்டும்னு மாத்திரச் சொன்னாரு, நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாம்னு இருந்தேன், தப்பா நினைச்சுக்காதீங்க என்ன” என்றான். தப்பா நினைக்கவில்லை என்றேன். அவன் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சும்மா பார்ப்பதற்கு மட்டும். கீ என்கிறது யூபிஎஸ். சேர்ந்தாற்போல் ஒரு மாதம் மத்தியானச் சாப்பாட்டை இந்த மேஜையிலேயே அள்ளிப்போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தட்டித் தட்டிப் படித்தேன், கனவில்கூடக் கறுப்புத் திரை, வீட்டுக்காரர் என்னடி உளறுற என்று எழுப்பினார். அவரிடம் சொல்லியிருந்தேன், இந்த வேலை எனக்கு நிற்கும் என்று. மச்சினன் மகன். என்றைக்கு முடிவாயிருக்கும்? கத்துக்கோ என்று சொன்ன அன்றைக்கே முடிவாகியிருக்குமா? அன்றைக்கு அவர் சட்டைப்பையில் கைவிட்டுக் கடலைமிட்டாய் எடுத்து ஒன்று எனக்கும் கொடுத்தார், இவ்வளவு வருஷத்தில் அவர் கொடுத்த ஒரே பொருள், நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன், சார் கொடுத்தார் என்று. எரிகிறது. உடம்பெல்லாம் எரிகிறது. பாலிடெக்னிக் படிக்கும்போது பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒருநாள் பஸ் தாமதமாகி இருட்டில் வந்து கேட்டில் நின்றேன், தினமும் பார்க்கிற வாட்ச்மேன், என் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நீ யாரு, பேரென்ன என்று கேட்டான். சொன்னேன். மறுபடி சொல்லு என்றான். அவனுக்கு அதில் ஒரு ருசி இருந்தது, பற்களுக்கிடையில் வெற்றிலையோடு அதையும் மென்றான். அப்போது நினைத்தேன், வாழ்நாளில் ஒரே ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நான் நிற்க வேண்டும், நான் பேர் கேட்க வேண்டும். இதோ நிற்கிறேனே. இன்றைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? அந்தக் கட்டளையைத் தட்டினேன், பயம் போய்விட்டது, அடித்து வைத்த வரியை அழித்துவிட்டு இதைத் தட்டினேன். ஒரே ஒரு பேர். செண்பகவல்லி. பக்கத்தில் நான் எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்திருக்கிறேன் என்பதற்கு நான்கு துண்டாக ஒரு எண். ஆன்டோ இல்லை, சார் இல்லை. முதல் தடவையாக அங்கே எனக்கு மூச்சு விட இடம் இருக்கிறது.

திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆன்டோ வருவான், தப்பா நினைச்சுக்காதீங்கக்கா என்று சொல்லிக்கொண்டே என்னைப் பிடுங்கி எறிவான், நல்ல பையன்தான், நல்ல பையன்கள் செய்வதுதான் எப்போதும் ரொம்ப வலிக்கிறது. திறக்காவிட்டால் இந்த யூபிஎஸ் சாகும், ஜன்னல் போகும், எனக்கும் வழியில்லை. திறந்தாலும் நான் வெளியே, திறக்காவிட்டாலும் நான் வெளியே. வீடியோவை இன்னும் கொஞ்சம் ஓட்டினேன், ஏன் ஓட்டினேன், அவன் மேல் இருக்கிற ஆத்திரத்துக்குத்தான், இன்னும் என்னடா மறந்தாய் என்று. சொன்னான். கதவை எல்லாருக்கும் திறக்கணும்னு இல்ல மக்களே, உங்க ஆபீஸ் இன்டர்நெட் நம்பரைக் கொடுத்து அதுக்கு மட்டும் திறக்கலாம், அதுதான் பாதுகாப்பு, மத்தவங்க எங்கேருந்து தட்டினாலும் திறக்காது. பாதுகாப்பு என்று அவனே சொல்கிறான். நான் சொல்லவில்லை. கேட்டால் பாதுகாப்பு சார் என்பேன், கத்துக்கச் சொன்னீங்களே சார் என்பேன். என் பேருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தேன், புள்ளி புள்ளியாகச் சரிபார்த்தேன். என்டர். விதி சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி. இரண்டாவது ஜன்னலைத் திறந்தேன், பேர் கேட்டது. ஐயோ, என்னிடம் பேர் கேட்டது, அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் பேர் சொன்னதில்லை. உள்ளே விட்டது. இனிமேல் இந்த லேபில் இருந்து வந்தால்தான் உள்ளே வரலாம். பெங்களூருவில் உட்கார்ந்து தட்டு ஆன்டோ. வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து தட்டுங்கள் சார். லேபுக்கு வந்தால் என் நாற்காலியைத் தாண்டித்தான் வர வேண்டும், நான் எழுந்திருக்கமாட்டேன். மச்சினன் மகன் வந்து அலமாரியில் கேபிள் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். வெறுப்பு இவ்வளவு தித்திக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்துவதை நிறுத்தி ஒரே இழுப்பாக இழுத்தது, பிறகு செத்தது. திரை போயிற்று, மூலையில் ரவுட்டரின் பச்சை விளக்கும் போயிற்று. போகட்டும், எனக்கென்ன. ஜன்னல் போனால் என்ன, கதவில் என் எண் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். வெயில் ஜன்னல் தகட்டில் அடித்து அறை வேகிறது, கழுத்தில் வியர்வை வழிந்து ரவிக்கைக்குள் இறங்குகிறது, துடைக்கத் தோன்றவில்லை. பசித்தது. டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். ஒண்ணாந்தேதி சார் என்ன முகத்தோடு வருவார் என்று நினைத்துப் பார்த்தேன். ஏம்மா செண்பகம் என்பார், அம்மா என்பார், காரியம் ஆக வேண்டுமென்றால் நிச்சயம் அம்மா போடுவார். நான் உடனே நிமிர்ந்து பார்க்கமாட்டேன். அவரை நிற்க வைப்பேன். பிறகு மகள் முகம் வந்தது, ஒரு நொடி என்னவோ செய்தது, உன் அம்மா இப்படிப்பட்டவள்தான் போ என்று சொல்லிக்கொண்டேன். அப்படியே கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது, ஏசி உறுமியதில் விழித்தேன்.

கரண்ட் வந்துவிட்டது. மெஷின் எழுந்தது, ரவுட்டர் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. நிதானமாக ஜன்னலைத் திறந்து பேர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. இன்டர்நெட் இன்னும் சரியாக வரவில்லை போல. வெப்சைட்டைத் திறந்தேன், வருகிறது, பிரின்சிபால் கைகட்டி நிற்கிறார். மறுபடி தட்டினேன். நின்று நின்று, நேரம் கடந்துவிட்டது. இல்லை. மறுபடி. இல்லை. நான் எண்ணைத் தப்பாக அடிக்கவில்லை, இரண்டாவது ஜன்னல் திறந்ததே, பேர் கேட்டதே. அதே லேப், அதே நாற்காலி, அதே நான். வாய்க்குள் புளி மறுபடி ஏறியது. எதையோ இவன்களில் ஒருவன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை, எப்போதும் ஒன்று பாக்கி வைப்பார்கள். போன் அடித்தது. ஆன்டோதான், கூடவே சாரையும் லைனில் சேர்த்திருந்தான். “ஏம்மா செண்பகம், என்னம்மா செஞ்சு தொலைச்ச?” என்று சார் கத்தினார். “பாதுகாப்பு போட்டேன் சார், நம்ம லேப் இன்டர்நெட் நம்பருக்கு மட்டும் கதவைத் திறந்தேன்” என்றேன், குரல் நன்றாகத்தான் வந்தது. சார் மூச்சு வாங்குவது கேட்டது. ஆன்டோ மெதுவாக, “அக்கா, நம்ம காலேஜ் லைனுக்கு நிலையான நம்பர் கிடையாதுக்கா. ரவுட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆனாலே வேற நம்பர் வந்துரும். நிலையா ஒண்ணு வாங்குவோம்னு நான் கேட்டேன், சார்தான் தேவையில்லைன்னுட்டாரு. நீங்க திறந்த நம்பர் இப்ப ஊர்ல எவன் வீட்டுக்குப் போச்சோ” என்றான். யாரோ ஒருவன். நாலாட்டின்புத்தூரிலோ எட்டயபுரத்திலோ மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து கிரிக்கெட் பார்க்கிற எவனோ ஒருவனுக்காக நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், அவனுக்கு அது தெரியவே போவதில்லை.

“ஆன்டோ, நீ எப்படியாவது உள்ள போ” என்றார் சார். “போக முடியாது சார், வாடகைக்குக் கொடுத்த கம்பெனிக்குத்தான் எழுதணும், யாரு பண்ணினது, ஏன்னு கேப்பான், திங்கக்கிழமைக்கு மேல ஆகும்” என்றான் ஆன்டோ. “நான் வீட்டுல இருந்து?” என்றார் சார். “முடியாது சார்.” சார் குரல் இறங்கியிருந்தது, “அப்ப நீ உள்ள இருக்கியாம்மா? நீயாவது உள்ள இருக்கியா?” என்றார். அம்மா போட்டார். நான் திரையைப் பார்த்தேன். வேலை போய்விட்டது, தெரியும், இதற்கு மேல் அவர்கள் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. அங்கே அந்த மெஷின் எங்களில் ஒருவரும் இல்லாமல் பிள்ளைகளுக்கு மார்க் காட்டிக்கொண்டு நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. “இல்ல சார்” என்றேன், “இப்ப உள்ள யாருமே இல்ல.” சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.